ஆள் வரலாம்... குடும்பம் வரக்கூடாது!

வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மனைவி, பிள்ளைகளுக்கு விசா கிடைக்குமா என்பதுதான் மீதிக் கிணறு. கடந்த சில ஆண்டுகளில் அந்த மீதிக் கிணற்றைத்தான் நாடுகள் ஒவ்வொன்றாக அகலமாக்கிக்கொண்டு வருகின்றன.

சென்னையில் ஒரு விசா விண்ணப்ப மையம். காலை ஒன்பதரை மணி அப்பாயின்ட்மென்ட். கோவையிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்த களைப்பு அந்தக் குடும்பத்தின் முகத்தில் தெரிகிறது. அப்பாவுக்கு இங்கிலாந்தில் மென்பொருள் வேலை. அம்மா தனியார் பள்ளி ஆசிரியை. போன மாதம்தான் ராஜினாமா கொடுத்தார். ஏழு வயதுப் பையன் கண்ணாடிப் பலகையில் விரல்களை அழுத்தி ரேகை கொடுத்துவிட்டுப் பெருமையாகத் திரும்புகிறான். அடுத்து நான்கு வயதுப் பாப்பாவின் முறை. பிரிட்டன் விசாவுக்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் ரேகை எடுப்பதில்லை, போட்டோ மட்டும்தான். அது பாப்பாவுக்கு எப்படித் தெரியும்? பத்து விரலையும் விரித்து நீட்டிக்கொண்டு, "அண்ணனுக்கு மட்டும் வச்சீங்க, எனக்கும் வைங்க" என்று ஒரே பிடிவாதம். "கண்ணு, அழுதா போட்டோல மூஞ்சி கோணிக்கும்டா" என்று அம்மா கெஞ்சுகிறார். "ஏங்க, அந்த ஃபைல நீங்க பிடிங்க, எதுவும் விழுந்துடப்போகுது" என்று கணவரிடம் ஒரு கண்.

அந்த ஃபைலுக்குள் இருப்பவை: நான்கு பாஸ்போர்ட், திருமணப் பதிவுச் சான்றிதழ், இரண்டு பிறப்புச் சான்றிதழ், தமிழில் இருப்பவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு, காசநோய்ப் பரிசோதனைச் சான்று, பேங்க் ஸ்டேட்மென்ட். ஒரு குடும்பம் உண்மையிலேயே குடும்பம்தான் என்று அந்நிய அரசு ஒன்றுக்கு நிரூபிக்க இத்தனை காகிதம். நிரூபித்தாலும் கிடைப்பது சில ஆண்டுகளுக்கான தற்காலிக வசிப்புரிமை.

இந்தக் குடும்பத்தைக் கொடுத்துவைத்தவர்கள் என்றே சொல்ல வேண்டும். அப்பாவின் சம்பளம் விசா விதி போட்ட கோட்டைத் தாண்டிவிட்டது. தாண்டாத குடும்பங்களில் இப்போது அப்பாவோ அம்மாவோ தனியாகத்தான் விமானம் ஏறுகிறார்கள்.

ஒரே வீடு, இரண்டு விதி

கொரோனாவுக்குப் பிறகு பிரிட்டனின் முதியோர் இல்லங்களில் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கும் விசா கதவைத் திறந்தார்கள். இந்தியா, நைஜீரியா, ஜிம்பாப்வே நாட்டவர்கள் அதிகம் போனார்கள். கேரளத்தில் தொடங்கிய அலை குமரி மாவட்டத்துக்கும் வந்தது. 'கணவன், பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம்' என்பதுதான் ஏஜென்ட்டுகளின் முதல் வாசகம். அப்போது அது பொய்யில்லை.

2023 செப்டம்பருடன் முடிந்த ஓராண்டில் சுமார் 1 லட்சம் பராமரிப்புப் பணியாளர்களுடன் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் குடும்பத்தினர் வந்திருப்பதாக பிரிட்டன் உள்துறை கணக்குச் சொன்னது. குடியேற்ற எண்ணிக்கை அங்கே தேர்தல் பிரச்சினையாகக் கொதித்துக்கொண்டிருந்த நேரம். 2024 மார்ச் 11 முதல் பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தை அழைத்துவரத் தடை. வேலைக்கு ஆள் தொடர்ந்து வரலாம், அவர் வீட்டார் வரக்கூடாது.

இது நம்மூர் வீட்டுக்குள் எப்படி இறங்கும் என்று பார்ப்போம். அக்கா, தங்கை இருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நர்சிங் கல்லூரி, ஒரே ஏஜென்ட். அக்கா 2024 பிப்ரவரியில் விசா வாங்கிப் போனார். அவர் கணவரும் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து வாழலாம். தங்கைக்குப் பணம் புரட்டத் தாமதமாகி ஏப்ரலில் விசா. அவர் பிள்ளை இங்கே பாட்டி வீட்டில். இருவரும் செய்வது ஒரே வேலை, வாங்குவது ஒரே சம்பளம். இடையில் இருப்பது ஒரு தேதி மட்டும்.

பராமரிப்பு வேலை என்றால் என்ன? படுத்த படுக்கையாக இருக்கும் முதியவரைக் குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, சோறு ஊட்டுவது. அடுத்தவர் வீட்டுத் தாயைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் தன் பிள்ளையை வீடியோ காலில் வளர்க்க வேண்டும் என்று ஓர் அரசு சட்டம் போடுகிறது. இதை எந்தப் பொருளாதாரப் புத்தகத்தைக் கொண்டு நியாயப்படுத்தினாலும் எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

விளைவு உடனே தெரிந்தது. சுகாதார, பராமரிப்புப் பிரிவில் பணியாளர்களுக்கு வழங்கப்பட்ட விசா 2023இல் சுமார் 1 லட்சத்து 46 ஆயிரம். 2024இல் அது சுமார் 27 ஆயிரம். குடும்பத் தடையோடு ஏமாற்று நிறுவனங்கள் மீதான கெடுபிடியும் சேர்ந்ததால் வந்த சரிவு இது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புப் பணியாளர்களை எடுப்பதே நிறுத்தப்பட்டுவிட்டது. அதே நாளில் திறன்மிகு பணியாளர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்ந்தது. 2024 ஏப்ரலுக்கு முன் அது 26,200. பட்டப்படிப்பு தேவைப்படாத வேலைகளில் பற்றாக்குறைப் பட்டியலில் இருப்பவற்றுக்கு மட்டும் விசா உண்டு. ஆனால் புதிதாக வருகிறவர் குடும்பத்தைக் கொண்டுவர முடியாது.

மாணவர்களுக்கும் இதே கதைதான். 2024 ஜனவரி முதல் ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சில விலக்குகள் தவிர, மாணவர் விசாவில் போகிறவர் கணவனையோ மனைவியையோ உடன் அழைத்துப் போக முடியாது. "பொண்ணு எம்.எஸ்ஸி. படிக்கப் போறா, மாப்பிள்ளையும் கூடவே போயிடலாம்" என்ற ஒப்பந்தத்தோடு நிச்சயம் செய்துகொண்ட வீடுகள் உண்டு. அந்த வழி அடைபட்டுவிட்டது.

—————
பெட்டிச் செய்தி: நான்கு பேர் போக எவ்வளவு?

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். பிரிட்டன் திறன்மிகு பணியாளர் விசா, மூன்று ஆண்டுகள். 2025 ஏப்ரல் கட்டண விகிதப்படி:

விசா கட்டணம்: ஒருவருக்கு 769 பவுண்டு. கைக்குழந்தைக்கும் அதேதான். நால்வருக்கு 3,076.

சுகாதாரக் கட்டணம்: பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035, பிள்ளைக்கு 776. மூன்று ஆண்டுக்கு நால்வருக்கும் சேர்த்து 10,866. மொத்தத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும்.

ஆக மொத்தம் 13,942 பவுண்டு. பவுண்டுக்கு 115 ரூபாய் என்று போட்டாலே 16 லட்சம் ரூபாய். விமான டிக்கெட், காசநோய்ப் பரிசோதனை, அங்கே வீட்டு அட்வான்ஸ் எல்லாம் தனி.

இது தவிர, வேலை தரும் நிறுவனம் பொறுப்பேற்காவிட்டால், வேலைக்குப் போகிறவருக்கு 1,270, துணைக்கு 285, முதல் பிள்ளைக்கு 315, அடுத்த பிள்ளைக்கு 200 பவுண்டு வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருந்ததைக் காட்ட வேண்டும். இடையில் ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் சிக்கலாகும். மச்சானிடம் கைமாற்று வாங்கி இருபத்தைந்தாம் நாள் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.
—————

வளைகுடா: சம்பளச் சீட்டே கல்யாணப் பத்திரிகை

வளைகுடாவில் இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. கீழக்கரை, அதிராம்பட்டினம், காயல்பட்டினம் வீடுகளில் 'ஃபேமிலி விசா' என்பது மூன்று தலைமுறைச் சொல். அங்கே குடும்பம் வரலாமா கூடாதா என்பதை சம்பளச் சீட்டுத்தான் தீர்மானிக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும். குவைத் 2022இல் குடும்ப விசாவை நிறுத்தியது. 2024 ஜனவரியில் மறுபடி திறந்தபோது வைத்த சம்பள வரம்பு 800 தினார். முன்பு இருந்தது இதைவிடக் குறைவு.

சவுதி வேறு வழி பிடித்தது. தடை போடவில்லை, வரி போட்டது. 2017 ஜூலையில் குடும்பத்தில் ஒவ்வொரு தலைக்கும் மாதம் 100 ரியால். ஆண்டுதோறும் நூறு நூறாக ஏறி 2020 ஜூலையில் 400 ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200, ஆண்டுக்கு 14,400 ரியால். இதைக் கட்டினால்தான் இக்காமா (வசிப்பு அனுமதி) புதுப்பிக்கப்படும். நடுத்தரச் சம்பளக்காரர் என்ன செய்வார்? பிள்ளைகளைப் பாதிப் படிப்பில் ஊருக்கு அனுப்பிவிட்டு பேச்சிலர் ரூமுக்குக் குடிபெயர்ந்தார். சவுதியில் பிறந்து வளர்ந்து, தமிழ் எழுதத் தெரியாமல் எட்டாம் வகுப்பில் ராமநாதபுரம் பள்ளிக்கு வந்து உட்கார்ந்த பிள்ளையிடம் கேட்டால்தான் அந்த 400 ரியாலின் எடை தெரியும்.

சிங்கப்பூரும் சம்பளத்தை வைத்தே அளக்கிறது. குடும்பத்தை அழைத்துவர மாதம் 6,000 வெள்ளி, பெற்றோரையும் அழைக்க 12,000 வெள்ளி. கட்டடத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்க்கும் ஒர்க் பெர்மிட் தொழிலாளி எத்தனை ஆண்டு உழைத்தாலும் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. தேக்கா மார்க்கெட் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நின்று பாருங்கள். புதுக்கோட்டையும் தஞ்சாவூரும் அங்கே போனில் பேசிக்கொண்டிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், வெள்ளைக்காரன் காலத்தில் கணக்கு வேறாக இருந்தது. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றியபோது நூறு ஆணுக்கு நாற்பது பெண் இருக்க வேண்டும் என்று விதியே வைத்திருந்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் குடும்பம் குடும்பமாகவே கூட்டிப்போனார்கள். கருணையால் அல்ல. குடும்பம் இருந்தால் தொழிலாளி ஓடிப்போக மாட்டான் என்ற தோட்டக் கணக்கு. இன்றைக்குக் குடும்பம் இல்லாவிட்டால் தொழிலாளி ஊர் திரும்பிவிடுவான் என்று கணக்குப் போடுகிறார்கள்.

இனிஷியல் செய்யும் வில்லங்கம்

விதி இடம் கொடுத்தாலும் காகிதம் இடம் கொடுக்க வேண்டுமே! தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஒரு தனித் தலைவலி உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின் கணவரின் இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ஓரெழுத்து, ஆதாரில் முழுப்பெயர், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அமெரிக்க விசாவில் இப்படிப்பட்டவர்களின் பெயருக்கு முன்னால் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அதே எழுத்துகள் அங்கே ஓட்டுநர் உரிமத்திலும் வங்கிக் கணக்கிலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் ஏற்க முடியாது என்று அறிவித்தது. அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். முதலில் விசிட் விசாவில் மனைவியை வரவழைத்து, அங்கிருந்தபடியே குடும்ப விசாவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று திட்டமிட்டிருந்தவர்கள் விமான நிலைய கவுன்ட்டரில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

அடுத்தது திருமணச் சான்றிதழ். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். ஆனாலும் மண்டபத்தில் தாலி கட்டி, ஆல்பம் போட்டு, பதிவை மறந்துவிட்ட ஜோடிகள் ஏராளம். விசா நேரத்தில்தான் ஞாபகம் வரும். பிறப்புச் சான்றிதழில் குழந்தை பெயர்க் கட்டம் வெறுமையாக இருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும். அமீரகம், குவைத், கத்தார் போன்ற நாடுகளுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் என்று வரிசையாக அட்டஸ்டேஷன் வாங்க வேண்டும். சவுதிக்கு 2022 டிசம்பருக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை போதும். இது தெரியாதவரிடம் தூதரக முத்திரைக்கும் சேர்த்துப் பணம் கறக்கும் ஏஜென்ட் இன்னும் இருக்கிறார்.

போன பிறகு...

விசா வந்துவிட்டது, குடும்பமும் போய்ச் சேர்ந்தது. கதை அங்கே முடிவதில்லை. குடும்பத்தின் ஒவ்வொருவர் விசாவும் ஒரே ஒருவரின் வேலையில் தொங்குகிறது.

2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை பிரிட்டனில் பராமரிப்புத் துறையில் மட்டும் 470க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் ஸ்பான்சர் உரிமம் ரத்தானது. 39,000க்கும் அதிகமான பணியாளர்கள் அந்த நிறுவனங்களோடு தொடர்புடையவர்கள் என்று அந்நாட்டு அரசே சொன்னது. பல நிறுவனங்களில் வேலையே இல்லை. விசாவை மட்டும் விற்றிருக்கிறார்கள். உரிமம் ரத்தானால் பணியாளருக்குப் பொதுவாக 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு ஸ்பான்சர் கிடைக்காவிட்டால் கணவனும் பிள்ளைகளும் சேர்ந்தே கிளம்ப வேண்டும். வீட்டை விற்று, நகையை அடகு வைத்து ஏஜென்ட்டுக்குக் கொடுத்த லட்சங்கள்? வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடமே கட்டணம் வாங்குவது பிரிட்டனில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். ஆனால் பணம் கைமாறியது இங்கே, ரசீது இல்லாமல்.

இன்னொரு பக்கம், கூடப் போகும் மனைவி. பிரிட்டனில் அவர் தாராளமாக வேலைக்குப் போகலாம். ஜெர்மனியிலும் அப்படியே. சிங்கப்பூரில் 2021 மே முதல், சில விலக்குகள் நீங்கலாகத் தனியாக வேலை அனுமதி வாங்க வேண்டும். அமெரிக்காவின் எச்-4 விசாவில், கணவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டினால்தான் வேலை அனுமதி. கனடா 2025 ஜனவரியிலிருந்து மாணவர்கள், பணியாளர்களின் துணைகளுக்கான வேலை அனுமதியைச் சில படிப்புகளுக்கும் சில வேலைகளுக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டது. நம்மூரில் பத்தாண்டு அனுபவமுள்ள பொறியாளர், அங்கே 'டிபெண்டன்ட்' என்ற ஒற்றை அடையாளத்தோடு நான்கு சுவருக்குள். கணவர் கைநீட்டுகிறவராக இருந்தால் இன்னும் கொடுமை. அவரை விட்டுப் பிரிந்தால் விசாவும் போய்விடும். இந்தச் சிக்கலை பிரிட்டன் ஓரளவு உணர்ந்திருக்கிறது. குடும்ப வன்முறைக்கு ஆளான துணைகள் மூன்று மாதத் தனி அனுமதி கேட்கலாம். பணியாளர், மாணவர் விசாவில் இருப்பவர்களின் துணைகளுக்கும் இது பொருந்தும். நம்மூர் பெற்றோர் எத்தனை பேர் மகளுக்கு இதைச் சொல்லி அனுப்புகிறார்கள்?

பிள்ளைகளுக்கு வயதுதான் எதிரி. அமெரிக்காவில் 21 ஆனால் பெற்றோரின் விசாவில் தொடர முடியாது. கிரீன் கார்டு வரிசையோ இந்தியர்களுக்குப் பல பத்தாண்டு நீளம். ஐந்து வயதில் போன பிள்ளை, அமெரிக்க ஆங்கிலம் மட்டுமே பேசிக்கொண்டு, 21இல் தனக்கென்று ஒரு விசா தேட வேண்டும். பிரிட்டனில் நிரந்தர வசிப்புரிமைக்கு இதுவரை ஐந்து ஆண்டு. அதைப் பொதுவாகப் பத்து ஆண்டாக்கும் திட்டத்தை 2025 நவம்பரில் உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் வெளியிட்டார். 2022 முதல் 2024 வரை சுகாதார, பராமரிப்பு விசாவில் வந்தவர்களையும் குடும்பத்தினரையும் சேர்த்து 6 லட்சத்து 16 ஆயிரம் என்று அவர் அரசு கணக்கிட்டது. அவர்களில் குறைந்த ஊதியக்காரர்களுக்கு 15 ஆண்டு என்றது அத்திட்டம். நிரந்தர உரிமை இல்லாத பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான் கட்ட வேண்டிவரும். போட்டி தொடங்கிய பிறகு எல்லைக்கோட்டைத் தள்ளி வைப்பதற்கு என்ன பெயரோ, அதுதான் இதற்கும்.

எல்லா நாடும் கதவைச் சாத்தவில்லை. ஜெர்மனியில் 'புளூ கார்டு' வாங்கியவரின் துணைக்கு விசா பெற ஜெர்மன் மொழித் தேர்வு தேவையில்லை. 2024 மார்ச் 1 முதல் புதிதாக அனுமதி பெறும் திறன்மிகு பணியாளர்கள் செலவுக்கு வழிகாட்டினால் பெற்றோரையும் அழைத்துக்கொள்ளலாம். ஆள் வேண்டும் என்றால் குடும்பத்தோடுதான் தங்குவார்கள் என்று புரிந்துகொண்ட நாடு அது. ஜப்பான் பாதி வழியில் நிற்கிறது. அங்கே குறிப்பிட்ட திறன் பணியாளர் விசாவில் முதல் நிலையில் குடும்பத்துக்கு அனுமதி இல்லை, இரண்டாம் நிலையில் உண்டு.

—————
பெட்டிச் செய்தி: கையெழுத்துப் போடும் முன்

இந்த வேலையில், இந்தச் சம்பளத்தில் குடும்பம் வரலாமா? ஏஜென்ட் சொல்வதை நம்பாமல் அந்நாட்டு அரசின் இணையதளத்தில் பாருங்கள். போன ஆண்டு போன உறவினரின் அனுபவம் இந்த ஆண்டு செல்லாது.

பாஸ்போர்ட், திருமணச் சான்று, பிறப்புச் சான்று மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா? திருத்தம் வேண்டுமானால் வேலை தேடத் தொடங்கும்போதே செய்துவிடுங்கள்.

ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பதிவு பெற்றவரா? தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரியுங்கள்.

வேலை போனால் எத்தனை நாள் அவகாசம், துணை வேலை பார்க்கலாமா, பிள்ளைக்கு எந்த வயது வரை இடம் என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.
—————

யார் பொறுப்பு?

தன் எல்லைக்குள் யார் வரலாம் என்று முடிவு செய்ய ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை உண்டு. அதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் நம் பக்கத்திலும் ஓர் அலட்சியம் இருக்கிறது. திருச்சி, நாகர்கோவில் பேருந்து நிலையச் சுவர்களைப் பாருங்கள். 'ஐரோப்பாவில் வேலை', 'ஜப்பானில் வேலை' என்று சம்பளத்தைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். குடும்பம் வரலாமா கூடாதா என்று பொடி எழுத்தில்கூட இருக்காது. கடன் வாங்கி, வேலையை விட்டு, பிள்ளையின் டி.சி.யை வாங்கிய பிறகுதான் அது தெரியவருகிறது.

1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய மசோதாவின் வரைவை இந்திய அரசு 2025 அக்டோபரில் கருத்துக் கேட்புக்கு வெளியிட்டது. வெளிநாட்டு வேலைக்கான ஒவ்வொரு விளம்பரத்திலும், ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், 'இந்த விசாவில் குடும்பத்தை அழைத்துச் செல்லலாம்' அல்லது 'செல்ல முடியாது' என்ற ஒரு வரியைத் தாய்மொழியில் கட்டாயமாக்கும் பிரிவு அந்தச் சட்டத்தில் இடம்பெற வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். மாநில அரசு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தன் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வெளியிடும் வேலை விளம்பரங்களில் அந்த வரியை நாளைக்கே சேர்த்துவிடலாம்.